சொத்து லட்சம் கோடி, கடன் பாதிதான்... அப்புறம் ஏன் ஸ்டீல் கம்பெனிகள் திவாலாகின்றன? திருச்சியிலிருந்து ஒரு கணக்கு

திருச்சிக்காரர்களுக்கு இரும்பு புதிது அல்ல. ஒரு பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை. இன்னொரு பக்கம் திருவெறும்பூரில் பெல் பாய்லர் ஆலை. அதை நம்பி துவாக்குடி வட்டாரத்தில் வளர்ந்த நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள். பிளேட்டை வெட்டுவது, வளைப்பது, வெல்டிங் வைப்பது என்று அந்தப் பகுதியின் பிழைப்பே ஸ்டீலில்தான் ஓடுகிறது.

காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், ஸ்டீல் வேறு வடிவத்தில் வீட்டுக்குள் வருகிறது. ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிப் போட்ட ஷேராக, மியூச்சுவல் ஃபண்டாக.

இந்த இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு கேள்வி இருக்கிறது. "கம்பெனிக்கு இத்தனை கோடி கடன்னு நியூஸ்ல சொல்றாங்க. ஆனா சொத்து அதைவிட ரெண்டு மடங்கு இருக்கே. அப்போ பயப்பட வேண்டியதில்லைதானே?"

பயப்பட வேண்டியதும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தச் 'சொத்து' என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. கடன் என்பது ஏறக்குறைய உறுதியான எண். சொத்து என்பது ஒரு மதிப்பீடு. ஸ்டீல் தொழிலில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் மிகப் பெரியது.

கடன்–சொத்து விகிதம் என்றால் என்ன?

கணக்கு எளிது. மொத்தக் கடனை மொத்தச் சொத்தால் வகுத்தால் கிடைப்பது.

ஸ்ரீரங்கத்தில் ஒருவர் 80 லட்சத்துக்கு வீடு வாங்குகிறார், 48 லட்சம் லோன் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 60 சதவீதம். நாளைக்கே வேலை போனாலும் வீட்டை விற்று லோனை அடைத்துவிட்டு, மிச்சம் 32 லட்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அவருக்கு இருக்கும்.

அவசரத்துக்கு விற்கும்போது 80 லட்சம் கிடைக்காமல் 70 லட்சம் கிடைக்கலாம். அப்போதும் தப்பித்துவிடுவார். ஏனென்றால் வீட்டை வாங்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த வீட்டில் யார் குடியிருந்தாலும் அது வீடுதான்.

ஸ்டீல் ஆலை அப்படியில்லை. அது ஓடினால்தான் ஆலை. நின்றுபோனால்?

கொள்ளிடம் பாலம் சொல்லும் பாடம்

திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தை நினைவிருக்கிறதா? 1928-ல் கட்டியது. திருச்சி – சென்னைப் போக்குவரத்தைப் பல பத்தாண்டுகள் தாங்கியது. 2016-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்த பிறகு, பழைய பாலத்தில் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. வாக்கிங் போகிறவர்களுக்கு மட்டும் பயன்பட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. பிறகு அதைப் பிரித்து எடுக்கும் வேலை நடந்தது.

அந்தப் பாலத்துக்கு எந்த வருடம் என்ன மதிப்பு? வண்டிகள் ஓடிய காலத்தில் அதே மாதிரி இன்னொன்று கட்ட என்ன செலவாகுமோ, அதுதான் அதன் மதிப்பு. வண்டி நின்ற பிறகு? டன் கணக்கில் பழைய இரும்பு. 2015-ல் இருந்த அதே இரும்புதான் 2017-லும் நின்றது. ஒரு போல்ட் கூட குறையவில்லை. ஆனாலும் மதிப்பு தலைகீழாக மாறிவிட்டது.

அரசுப் பாலம் எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு ஸ்டீல் ஆலையின் பிளாஸ்ட் ஃபர்னஸுக்கும் ரோலிங் மில்லுக்கும் இதே கதைதான். ஓடும்போது ஒரு விலை, நிற்கும்போது ஒரு விலை. பேலன்ஸ் ஷீட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் இரண்டுமே அல்ல. அது, வாங்கிய விலையிலிருந்து வருடாவருடம் தேய்மானம் கழித்த எண்.

2017: ஐந்து ஸ்டீல் கம்பெனிகளுக்கு நடந்தது என்ன?

இந்த வித்தியாசத்தை நாடே ஒரே நேரத்தில் பார்த்த வருடம் 2017. அந்த ஜூனில் ரிசர்வ் வங்கி 12 பெரிய வாராக்கடன் கணக்குகளைத் திவால் சட்டத்தின் கீழ் கொண்டுபோகச் சொல்லி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதில் ஐந்து, ஸ்டீல் கம்பெனிகள். பூஷன் ஸ்டீல், எஸ்ஸார் ஸ்டீல், பூஷன் பவர் அண்ட் ஸ்டீல், எலக்ட்ரோஸ்டீல் ஸ்டீல்ஸ், மோனெட் இஸ்பட்.

எப்படி அந்த நிலைக்கு வந்தார்கள்? 2000-களின் நடுவில் ஸ்டீல் விலை ஏறிக்கொண்டே இருந்தது. கடன் வாங்கி ஆலையைப் பெருக்கினார்கள். பிறகு சீனாவில் தேவை குறைந்தது. 2015-ல் மட்டும் சீனா 11 கோடி டன்னுக்கு மேல் ஸ்டீலை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. உலகம் முழுக்க விலை விழுந்தது. 2016 பிப்ரவரியில் இந்திய அரசு இறக்குமதி ஸ்டீலுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயித்துத்தான் உள்ளூர் ஆலைகளுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. ஆனால் கடனுக்கான வட்டி விலைக்காகக் காத்திருக்காது. ஸ்டீல் விலை பாதியானாலும் வட்டி அதே வட்டிதான்.

ஐந்து கம்பெனிகளிலும் கடன் கொடுத்தவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

எஸ்ஸார் ஸ்டீலில் சுமார் ரூ.49,500 கோடி கடனுக்கு ரூ.41,000 கோடி வந்தது. 83 சதவீதம். பூஷன் ஸ்டீலில் சுமார் ரூ.56,000 கோடிக்கு ரூ.35,500 கோடி. 63 சதவீதம். பூஷன் பவரில் சுமார் ரூ.47,000 கோடிக்கு ரூ.19,350 கோடி. 41 சதவீதம். எலக்ட்ரோஸ்டீலில் சுமார் ரூ.13,200 கோடிக்கு ரூ.5,320 கோடி. 40 சதவீதம். மோனெட்டில் சுமார் ரூ.11,000 கோடிக்கு ரூ.2,900 கோடி கூட இல்லை. 26 சதவீதம்.

இதே பட்டியலில் இருந்த ஜவுளிக் கம்பெனியான அலோக் இண்டஸ்ட்ரீஸில் வந்தது 17 சதவீதம்தான். அதோடு ஒப்பிட்டால் ஸ்டீல் பரவாயில்லை என்றுகூடச் சொல்லலாம். 2017-18-ல் ஸ்டீல் விலை மறுபடி ஏறியது ஏலம் கேட்க வந்தவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. அதே விற்பனை இரண்டு வருடம் முன்னால் நடந்திருந்தால் இந்த எண்கள் இன்னும் கீழே இருந்திருக்கும்.

உண்மையில் பயமுறுத்தும் எண் வேறொன்று

திவால் நடவடிக்கை தொடங்கியதும், ஆலையைப் பிரித்து விற்றால் என்ன கிடைக்கும் என்று மதிப்பீட்டாளர்களை வைத்துக் கணக்குப் போடுவார்கள். இதைக் 'கலைப்பு மதிப்பு' என்கிறார்கள்.

பூஷன் ஸ்டீலின் கலைப்பு மதிப்பு சுமார் ரூ.14,000 கோடி. கடன் ரூ.56,000 கோடி. அதாவது கால்வாசி. எலக்ட்ரோஸ்டீலில் ரூ.13,200 கோடி கடனுக்கு எதிரே சுமார் ரூ.2,900 கோடி. அது கால்வாசிகூட இல்லை. வங்கிகளுக்குக் கிடைத்த தொகை இதைவிட அதிகமாக இருந்ததற்குக் காரணம், வாங்கியவர்கள் இரும்பை வாங்கவில்லை, ஓடுகிற ஆலையை வாங்கினார்கள். டாடா ஸ்டீல் பூஷன் ஸ்டீலுக்குக் கொடுத்தது கலைப்பு மதிப்பைப் போல இரண்டரை மடங்கு.

ஆகவே ஒரே ஆலைக்கு மூன்று விலை இருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் ஒன்று, ஓடும் ஆலையாக வாங்குகிறவர் கொடுப்பது ஒன்று, பிரித்து விற்றால் வருவது ஒன்று. டி.வி.யிலும் செய்தியிலும் வரும் கடன்–சொத்து விகிதம் முதல் விலையை வைத்துப் போட்டது. பிரச்சினை வந்தால் உதவப் போவது மற்ற இரண்டும்தான்.

எஸ்ஸாருக்கு மட்டும் ஏன் 83 சதவீதம்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடனைச் சொத்தோடு ஒப்பிடாமல், அந்தச் சொத்து வருடத்துக்கு எத்தனை டன் ஸ்டீல் தயாரிக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குஜராத்தின் ஹசிராவில் இருந்த எஸ்ஸார் ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்கு சுமார் 1 கோடி டன். கடன் ரூ.49,500 கோடி. ஒரு டன் கொள்ளளவுக்கு சுமார் 49,500 ரூபாய் கடன்.

பூஷன் ஸ்டீலின் கொள்ளளவு சுமார் 56 லட்சம் டன். கடன் ரூ.56,000 கோடி. ஒரு டன்னுக்கு ஒரு லட்சம் ரூபாய்!

ஒரே மாதிரி ஸ்டீல், ஒரே சந்தை, ஒரே விலை. ஆனால் ஒருவர் ஒவ்வொரு டன்னின் தலையிலும் இரண்டு மடங்கு கடனைச் சுமக்கிறார். டன்னுக்கு 50,000 ரூபாய் கடனை ஒரு நல்ல வருடத்து லாபத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாம். ஒரு லட்சத்தை? கஷ்டம்தான்.

ஆனால் இந்தக் கணக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மோனெட்டின் கொள்ளளவு சுமார் 15 லட்சம் டன். டன்னுக்கு சுமார் 73,000 ரூபாய் கடன். பூஷன் ஸ்டீலைவிடக் குறைவு. ஆனாலும் அதில்தான் மிகக் குறைவாகப் பணம் திரும்பியது. ஏன்?

மோனெட்டுக்குச் சொந்தமாக நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அந்த நிலக்கரியை நம்பித்தான் ஆலையே போடப்பட்டது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது. மோனெட்டின் சுரங்கமும் அதில் போனது. ஆலை அங்கேயேதான் இருந்தது, இயந்திரங்கள் அப்படியே. ஆனால் மலிவான நிலக்கரி இல்லாமல் அதே இயந்திரம் வேறு இயந்திரமாகிவிட்டது.

சொத்து என்ற எண்ணுக்குள் என்னென்ன இருக்கிறது?

ஒரு ஸ்டீல் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து 'சொத்துகள்' பக்கத்தைப் பாருங்கள். நிலமும் ஆலையும் முதலில் வரும். அதற்குக் கீழேதான் கவனம் வேண்டும்.

'கட்டுமானத்தில் உள்ள பணி' என்று ஒரு வரி இருக்கும். பாதி கட்டிய ஆலை, போட்ட பணமெல்லாம் சொத்தாகக் கணக்கில் ஏறியிருக்கும். ஆனால் ஒரு டன் கூட உற்பத்தி செய்யாது. எலக்ட்ரோஸ்டீல் பொகாரோ அருகே 25 லட்சம் டன் ஆலை கட்டத் திட்டமிட்டு, அதில் 15 லட்சம் டன் அளவுக்குத்தான் ஓட்ட முடிந்தது. கடனோ முழு ஆலைக்கும் வாங்கியது. இந்த வரி வருடக்கணக்கில் குறையாமல் அப்படியே நின்றால், அது எச்சரிக்கை மணி.

அடுத்தது சரக்கிருப்பு. தாதுவும் நிலக்கரியும் செய்து வைத்த காயிலும் இதில் வரும். ஸ்டீல் விலை விழுந்தால் இதுவும் விழும். ஆனால் அந்தச் சரக்கை அடமானம் வைத்து வாங்கிய கடன் விழாது.

'குட்வில்' என்று ஒன்று. ஒரு கம்பெனியை அதன் சொத்து மதிப்பைவிட அதிகம் கொடுத்து வாங்கினால், அந்த அதிகப்படித் தொகை சொத்தாக எழுதப்படும். கையில் தொட முடியாத சொத்து. டாடா ஸ்டீல் 2007-ல் பிரிட்டிஷ்–டச்சு நிறுவனமான கோரஸை சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. ஆறு வருடம் கழித்து, 2013-ல், பெரும்பாலும் அந்த ஐரோப்பியத் தொழிலுக்காக சுமார் 160 கோடி டாலரைச் சொத்துக் கணக்கிலிருந்து கழித்து எழுத வேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் 30-ல் வேல்ஸின் போர்ட் டால்பாட்டில் கடைசி பிளாஸ்ட் ஃபர்னஸும் அணைக்கப்பட்டது. டாடாவிடம் மற்ற தொழில் வலுவாக இருந்ததால் தாங்கியது. அப்படி இல்லாத கம்பெனி என்றால் கதை வேறு.

கடைசியாக, வர வேண்டிய பாக்கி. திருச்சிக்கு இது ரொம்ப நெருக்கமான விஷயம்.

திருச்சியிலேயே நடந்த கதை: சேத்தார்

பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த தொழில் சூழலில் திருச்சியிலிருந்து சொந்தமாகப் பாய்லர் செய்து விற்ற தனியார் கம்பெனி சேத்தார். ஸ்டீல் உருக்கும் கம்பெனி அல்ல, ஸ்டீலை வளைத்துப் பாய்லராக்கும் கம்பெனி. பின்னாளில் முழு மின் நிலையத்தையே வடிவமைத்து, கட்டி, ஓட வைத்துக் கொடுக்கும் பெரிய ஒப்பந்தங்களையும் எடுத்தது. சத்தீஸ்கரில் எஸ்.கே.எஸ். குழுமத்தின் அனல் மின் நிலையம் அப்படி ஒன்று.

இந்த மாதிரி ஒப்பந்தக் கம்பெனிகளின் சொத்தில் இயந்திரம் ஒரு சின்னப் பங்குதான். பெரிய பங்கு, செய்த வேலைக்கு வர வேண்டிய பணம். அதை வாடிக்கையாளர் தர வேண்டும். வாடிக்கையாளருக்கும் அப்போது நேரம் சரியில்லை. 2012-க்குப் பிறகு நாடு முழுக்க அனல் மின் திட்டங்கள் முடங்கின. துவாக்குடி யூனிட்டுகள் ஆர்டர் இல்லாமல் ஷிஃப்டைக் குறைத்த காலமும் அதுதான்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. இப்படி ஒப்பந்தம் எடுக்கும்போது, 'வேலையைச் சரியாக முடிப்பேன்' என்பதற்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அது கடன் பட்டியலில் வராது. அடிக்குறிப்பில் 'நேரக்கூடிய பொறுப்புகள்' என்று எங்கோ இருக்கும். வாடிக்கையாளர் ஒரு கடிதம் எழுதி உத்தரவாதத்தைப் பணமாக்கிவிட்டால், அன்றைக்கே அது கடனாகிவிடும். கம்பெனி தளரும் நேரத்தில்தான் வாடிக்கையாளர்கள் இப்படிச் செய்வார்கள் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

சேத்தார் 2017-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. மீட்புத் திட்டம் எதுவும் கைகூடாமல் கலைப்புக்குச் சென்றது. எஸ்.கே.எஸ். இஸ்பட் அண்ட் பவர் உள்ளிட்ட தரப்புகளோடு நடந்த பழைய பரிவர்த்தனைகள் செல்லாது என்று அறிவிக்க வேண்டும், உத்தரவாதங்களைப் பணமாக்குவதைத் தடுக்க வேண்டும் என்று கம்பெனியின் பொறுப்பை ஏற்றவர் சென்னைத் தீர்ப்பாயத்தில் கேட்டார். 2019 டிசம்பர் 31 அன்று, உத்தரவாதம் தொடர்பான இடைக்கால நிவாரணம் மறுக்கப்பட்டது.

மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 15 நாள். அவ்வளவுதான் சட்டம். ஆனால் மேல்முறையீடு தாக்கலானது 2020 ஜூன் 8 அன்று. இலவச உத்தரவு நகல் கைக்கு வரவில்லை, பிறகு கொரோனா ஊரடங்கு என்று காரணம் சொல்லப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 22 அன்று அதை ஏற்க மறுத்தது. தீர்ப்பு வாசித்த நாளிலிருந்தே நாள் எண்ணத் தொடங்கும், நகலுக்கு நீங்களே உடனே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றது. இன்றைக்கும் நாடு முழுக்கத் திவால் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

சட்டத்தில் அது தாமதம் பற்றிய தீர்ப்பு. கணக்கில் பார்த்தால் வேறொன்று தெரியும். பேலன்ஸ் ஷீட்டில் 'வர வேண்டியது' என்று எழுதிய சொத்து, கோர்ட் படியேறித்தான் பணமாக வேண்டும் என்றால், அதன் மதிப்பு காலண்டரைப் பொறுத்தது. இரும்பு துருப்பிடிக்க வருடங்கள் ஆகும். பாக்கி காலாவதியாக 45 நாள் போதும்.

மிஞ்சியதில் யாருக்கு முதலில்?

கலைப்புக்குப் போன கம்பெனியின் பணத்தை எந்த வரிசையில் பிரிக்க வேண்டும் என்று திவால் சட்டத்தின் 53-வது பிரிவு சொல்கிறது. நம் ஊர்ப் பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் வருமா வராதா என்பது மாதிரியான கதை இது.

திவால் நடவடிக்கைக்கான செலவு முதலில் போகும். அடுத்து, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளும், தொழிலாளர்களின் கடைசி 24 மாத நிலுவையும் சம வரிசையில். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பிறகு அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள். அதற்குப் பிறகு அரசு வரி பாக்கி. அதற்கும் கீழேதான் பொருள் சப்ளை செய்தவர், ஜாப் ஒர்க் செய்து பில் போட்டவர். அதாவது துவாக்குடி யூனிட் ஓனர். சாதாரண ஷேர் வைத்திருக்கும் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் வரிசையில் கடைசி.

கலைப்புக்குப் போகாமல் இன்னொருவர் கம்பெனியை வாங்கினாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. எஸ்ஸார் வழக்கில் 2019 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், வங்கிகளுக்கும் சப்ளையர்களுக்கும் ஒரே விகிதத்தில், சுமார் 60 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சப்ளையர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான்கே மாதம். நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது கடன் கொடுத்தவர்கள் குழுவின் வணிக முடிவு என்றது. அந்தக் குழுவில் ஓட்டு வங்கிகளுக்குத்தான்.

ஷேர்ஹோல்டருக்கு என்ன ஆனது என்பதற்கு எலக்ட்ரோஸ்டீல் உதாரணம். வேதாந்தா வாங்கியபோது 10 ரூபாய் முகமதிப்புள்ள ஷேர் 20 பைசாவாகக் குறைக்கப்பட்டது. 50 ஷேர் வைத்திருந்தவர் கையில் ஒரே ஒரு ஷேர். எல்லாம் சட்டப்படிதான்.

காலமும் கணக்கில் சேரும். பூஷன் பவரை ஜே.எஸ்.டபிள்யூ. 2021 மார்ச்சில் பணம் கட்டி எடுத்து, நான்கு வருடம் ஆலையை ஓட்டிய பிறகு, 2025 மே 2 அன்று அந்த விற்பனையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலை 31-ல் அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. செப்டம்பர் 26-ல் விற்பனை செல்லும் என்றது. 2017-ல் தொடங்கிய வழக்கு, எட்டு வருடம்.

சரி, இப்போது பெரிய கம்பெனிகளின் நிலை?

2025 மார்ச் நிலவரப்படி டாடா ஸ்டீலின் நிகரக் கடன் சுமார் ரூ.82,500 கோடி. ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீலுக்கு சுமார் ரூ.76,500 கோடி. கேட்டால் தலை சுற்றும். எஸ்ஸார், பூஷன் ஸ்டீல் இரண்டையும்விடப் பெரிய எண்.

ஆனால் வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய ஆண்டு லாபத்தோடு ஒப்பிட்டால், இரண்டு கம்பெனிகளின் கடனும் அதைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். அதாவது மூன்று வருடச் சொச்சம் சம்பாத்தியம். ஸ்டீல் தொழிலில் இது அபாயக் கோடு அல்ல, ஆனால் காலாட்டிக்கொண்டு உட்காரும் நிலையும் அல்ல. ஏனென்றால் கடன் அப்படியே இருந்து லாபம் மட்டும் பாதியானால், இந்த மூன்று ஆறாகிவிடும். ஸ்டீலில் லாபம் பாதியாவது அபூர்வம் இல்லை.

அதனால் ஸ்டீல் ஷேர் வைத்திருப்பவர் சொத்து விகிதத்தை ஒரு முறை பார்த்தால், இந்த லாப மடங்கை நான்கு முறை பார்ப்பது நல்லது. காலாண்டு முடிவுகளில் பெரும்பாலான பெரிய ஸ்டீல் கம்பெனிகள் இதைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. புரமோட்டர் தன் ஷேர்களை அடமானம் வைத்திருக்கிறாரா என்பதும் பங்குச்சந்தை இணையதளங்களில் கம்பெனி வாரியாகக் கிடைக்கிறது. அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

துவாக்குடி யூனிட் ஓனர் என்ன செய்ய முடியும்?

அவர் நிலைமைதான் சிக்கல். ஷேர் பிடிக்கவில்லை என்றால் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் மொபைலிலேயே விற்றுவிடலாம். வெல்டிங் முடித்து லாரி ஏற்றிய சரக்கைத் திரும்ப வாங்க முடியாது.

பில் பாக்கிக்காகப் பெரிய கம்பெனியைத் திவால் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம் என்றால், முன்பு 1 லட்சம் ரூபாய் பாக்கியே போதுமாக இருந்தது. 2020 மார்ச் 24 முதல் அந்த வரம்பு 1 கோடி. பல சின்ன யூனிட்டுகளுக்கு அந்தக் கதவு அன்றே மூடிவிட்டது. வேறு யாராவது வழக்குப் போட்டு, கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால், தனியாகக் கோர்ட்டில் பணம் கேட்டு வழக்கு நடத்த முடியாது. பத்திரிகையில் வரும் பொது அறிவிப்பைப் பார்த்து, பில், டெலிவரி சலான், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் இணைத்து 'படிவம் பி'-யில் உரிமை கோர வேண்டும். அறிவிப்பில் போட்டிருக்கும் தேதி முக்கியம். சேத்தார் வழக்கைப் படித்தவர்கள் தேதியை விளையாட்டாக எடுக்க மாட்டார்கள்.

அந்த நிலை வருமுன் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. வாங்குகிற கம்பெனியின் ஆண்டறிக்கையில், சிறு, குறு நிறுவனங்களுக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாகப் பாக்கி என்று தனியாகக் காட்டியாக வேண்டும். அந்த எண் வருடாவருடம் ஏறினால், கம்பெனி வங்கியிடம் கிடைக்காத கடனை உங்களிடம் வாங்குகிறது என்று அர்த்தம். வட்டியில்லாமல்.

மத்திய அரசு 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தச் செலவை அந்த வருட வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். நன்றாக ஓடும் கம்பெனிகள் இதற்குப் பயந்து மார்ச் மாதத்தில் பில்களை அடைக்கின்றன.

ஆனால் நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய வரியே இல்லை. இந்த விதி அதை அவ்வளவாகக் கடிக்காது. பாக்கி மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அந்த மாதிரிக் கம்பெனிகளிடம்தான்.